நடுப்பட்டை

பஞ்சாயத்து ஆபீஸ்காரர் வந்து பார்த்தபோது அவருக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காய்ந்த புதரை மனைக்குச் சொந்தக்காரர்களே வெட்ட வேண்டும் என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியவர் அவர்தான். வெட்டியும்தான் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ரோடு வரைக்கும் நீண்டு கிடந்த அந்த மனையில், இந்தப் பக்கம் வெல்டிங் பட்டறைக்காரன் தன் பங்கை மண் தெரியச் சுரண்டி எடுத்திருந்தான். அந்தப் பக்கம் அவனுடைய அண்ணன் லாரிக்காரர் வீட்டில் ஆள் வைத்து மழித்திருந்தார்கள். நடுவில் மட்டும், ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கும் அகலத்துக்கு, ரோட்டிலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு பட்டை அப்படியே நின்றது. சுற்றிலும் தலையை வழித்துவிட்டு நடுவில் குடுமி விட்டது போல இருந்தது.

குடுமி சும்மாவும் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் வெட்டிய முள், புல், சருகு அத்தனையையும் அதன் மேலேயே கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். தன் பங்கில் போட்டால் ஆபீஸ் கேட்கும். அடுத்த பங்கில் போட்டால் அடிதடி ஆகும். பட்டையில் போட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆள் உயரத்துக்குக் குவிந்து, வெயிலில் முறுமுறு என்று காய்ந்து கிடந்தது.

"என்னங்க இது?" என்றார் ஆபீஸ்காரர்.

"எங்க பங்கு சுத்தமா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்" என்றான் பட்டறைக்காரன்.

"இந்த நடுவுல நிக்கிறது யாரோடது?"

"அது எங்களோடது இல்லைங்க."

அந்தப் பக்கம் நின்றிருந்த லாரிக்காரர் மனைவி, "எங்களோடதும் இல்லை" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

"இதுக்கு ஏதோ கேஸ் நடக்குதுன்னாங்களே?"

"ஆமா."

"கோர்ட்டுல என்ன சொல்றீங்க?"

"எங்களோடதுன்னு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் அந்த இரண்டு வீடும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! கோர்ட்டுல ரெண்டு பேருக்கும் வேணும், வெயிலடிச்சா ரெண்டு பேருக்கும் வேணாமா?"

"தொடக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார் சார். நான் அதுல அருவாளை வச்சா, அத்துமீறி நுழைஞ்சுட்டான்னு அவங்க எழுதிக் குடுத்துடுவாங்க."

"அவங்க வெட்டினா?"

"நான் எழுதிக் குடுப்பேன்" என்றான் பட்டறைக்காரன். அதில் அவனுக்கு ஒளிவுமறைவு கிடையாது.

ஆபீஸ்காரர் ஒரு காய்ந்த குச்சியை எடுத்து ஒடித்துப் பார்த்தார். பட்டென்று ஒடிந்தது. "போன வருஷம் கீழத்தெருவுல வரிசையா வீடு எரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டமே வந்துச்சு. நீங்க வெட்டாம விட்டிருந்தாக்கூடத் தேவலாம். பரவலாக் கிடந்ததை வாரிச் சேர்த்துத் திரி போட்டு வச்சிருக்கீங்க. திரி எங்க போய் முடியுதுன்னு பார்த்தீங்களா?"

எல்லோரும் பார்த்தார்கள். பட்டை போய் முட்டிய சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் லாரிக்காரர் படுத்திருந்தார். இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளை மறுநாள் ஆபீஸ் மெஷின் வந்து வெட்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் அடுப்பு, பீடி, வெல்டிங், ஒண்ணும் கூடாது. சொல்லிட்டேன்" என்று கிளம்பிப் போனார்.

இவ்வளவையும் பட்டறைக்காரன் மனைவி பின்வாசலில் நின்று, கழுத்தில் அளவு நாடாவோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சட்டையும் பேண்டும் தைத்துக் கொடுப்பவள். தையல்காரி என்றால்தான் தெருவில் தெரியும். ஆபீஸ்காரர் திரி என்று சொன்னதிலிருந்து அவள் கண் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கம் நின்றவள் வெறும் ஓரகத்தி இல்லை, கூடப் பிறந்த அக்கா. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டிக் கொடுத்தால் வீடு பிரியாது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டவர்கள் மாமனாரைக் கணக்கில் எடுக்கவில்லை. மாமனார் மனையை இரண்டாகப் பிரித்தபோது எல்லைக்குக் கல் நடாமல் மரம் நட்டார். அவர் போனார், பின்னாலேயே மரமும் பட்டுப்போனது. வேரோடு தோண்டி எடுத்தபிறகு மரம் எங்கே நின்றது என்பதில் அண்ணனுக்கு ஒரு ஞாபகம், தம்பிக்கு ஒரு ஞாபகம். அந்த இரண்டு ஞாபகத்துக்கும் நடுவில் இருந்ததுதான் பட்டை.

அன்றிலிருந்து அக்கா தங்கை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்காகப் பேசாமல் இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. எல்லாம் ஜாடைப் பேச்சு. அக்கா கோழியைத் திட்டுவாள், தங்கைக்கு உறைக்கும். தங்கை தையல் மெஷினைக் கரித்துக்கொட்டுவாள், அக்கா வீட்டில் பாத்திரம் டமாரென்று விழும். போன கோடையில் லாரிக்காரருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோதுகூட, "ஆஸ்பத்திரிக்குப் போறவங்க போர்வை எடுத்துட்டுப் போகணும், அங்க குடுக்க மாட்டாங்க" என்று தங்கை வாசல்படியைப் பார்த்துத்தான் சொன்னாள். அக்கா திரும்பிப் போய்ப் போர்வை எடுத்து வந்தாள்.

லாரிக்காரருக்கு நாக்கும் குழறிவிட்டது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினால் புரியும். கத்தினால் வெறும் சத்தம்தான் வரும். பட்டறைக்காரன் மனையில் கால் வைத்தாலே ஜன்னலிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பும். "என்னைப் பார்த்தா அவனால திட்டாம இருக்க முடியாது. நாக்கு போயும் அடங்கலை பாரு" என்பான் இவன். கட்டிக்கொண்டு வந்த புதிதில் தையல்காரியின் மெஷினைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவர் அந்த மாமாதான். அவர் திட்டுகிறார் என்று நம்பவும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே காற்று ஆரம்பித்துவிட்டது. ரோட்டுப் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் அடித்தது. கொடியில் போட்ட துணி நிற்கவில்லை. தைத்து அடுக்கிய சட்டைகள் மேல் மண் படிந்தது. தையல்காரி கதவைச் சாத்தலாம் என்று எழுந்து வந்தவள், பின்னால் புருஷன் இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து போடுவதைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து நீள ஒயர் இழுத்து, அறுக்கிற மெஷினை மாட்டிக்கொண்டிருந்தான். பட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க இது?"

"கம்பம்."

"எதுக்கு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாளைக்கு ஆபீஸ் மெஷின் வந்து பட்டையை வழிச்சுட்டுப் போகும். வெட்டினது யாரு? ஆபீஸ். நான் தொடலை. தரை தெரிஞ்ச உடனே அந்த ஓரத்துல கம்பத்தை நட்டுக் கம்பியை இழுத்துடுவேன். உங்க அக்கா முழிச்சுப் பாக்குறதுக்குள்ள வேலி நிக்கும்."

"வக்கீலைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பார்."

"அப்ப வேணாம்னுதானே அர்த்தம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் பட்டன் தை."

அவள் போகவில்லை. "ஆபீஸ்காரர் வெல்டிங் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரே."

"இது வெல்டிங்கா? கட்டிங்."

"பொறி பறக்குமே?"

"பொறி கீழ விழறதுக்குள்ள ஆறிடும். இத்தனை வருஷமா அந்தப் பொறியிலதான் சோறு திங்கிறோம்."

"கொஞ்சம் தள்ளி உக்காந்து வெட்டுங்களேன். காத்து வேற அடிக்குது."

"ஒயர் எட்டாது" என்று சொல்லி மெஷினைப் போட்டான். அதற்குமேல் யார் பேசினாலும் காதில் விழாது. அவன் சொன்னது பட்டறையில் பொய் இல்லை. பட்டறையில் தரை சிமெண்ட். நான்கு பக்கமும் சுவர். தீப்பிடிக்கிற மாதிரி அங்கே ஒரு காகிதத்தைக்கூட வைக்கவிட மாட்டான். அவ்வளவு விவரமான ஆள்தான். கோபமும் ஆசையும் சேர்ந்துகொண்டதில் உட்கார்ந்திருக்கும் இடம் மறந்துவிட்டது.

தையல்காரி உள்ளே வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா பையோடு வெளியே வந்து பூட்டைப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பூட்டிடமே பேசினாள்.

"மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். என்ன பண்றது, ஒரு அவசரம்னா எட்டிப் பாக்க நாதியா இருக்கு? பூட்டிட்டுத்தான் போக வேண்டியிருக்கு."

பார்த்துக்கொள்ளடி என்பதுதான் அது. தங்கைக்கு நன்றாகவே புரிந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், நூல் முனை வாயில் இருந்ததால் பேசவில்லை. நூலை எடுத்தபிறகும் பேசவில்லை. அக்கா தெருமுனை திரும்பிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் சத்தம் ஆரம்பித்தது. அறுக்கிற மெஷின் அலறலுக்கு நடுவே விட்டு விட்டுக் கேட்டது. வழக்கமாக இரண்டு கத்துக் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார். இன்றைக்கு ஓயவில்லை. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். அதே நேரம் பின்னால் அறுக்கிற சத்தமும் நின்றது. புருஷன் தேய்ந்துபோன வட்ட பிளேடைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான்.

"பிளேடு தேஞ்சு போச்சு. கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"என்னங்க, மாமா கத்துறார்."

"கேக்குது."

"என்னான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்."

"தினம் பாடுற பாட்டுதானே? கம்பத்தைப் பார்த்துட்டான், வயிறு எரியுது. கத்தட்டும்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சத்தம் நிற்கவில்லை. திட்டுகிறவர் திட்டு வாங்க வேண்டிய ஆள் போனபிறகும் யாரைத் திட்டுகிறார்? அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. வந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. எழுந்து போனால் ஜன்னல் பக்கம் போக வேண்டும், போனால் இத்தனை நாளைக்கப்புறம் என்ன முகத்தோடு நிற்பது? ஒரு சட்டைக் கையை எடுத்து வைத்துக்கொண்டு மெஷினை வேகமாக மிதித்தாள். மிதித்த வரைக்கும் சத்தம் கேட்கவில்லை. கையைத் திருப்பிப் போட்டுத் தைத்திருந்தாள். பிரிக்க எடுத்தபோது வாடை வந்தது.

பின்வாசலுக்கு ஓடினாள். பட்டையின் நடுவில், குழாய் கிடந்த இடத்துக்கு நேராக, குவியலுக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் தொட்டித் தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டு வருவதற்குள் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. அடியில் ஊமையாக இருந்தது சடசடவென்று மேலே ஏறியது. வாளித் தண்ணீரை வீசினாள். மேல் சருகு நனைந்தது, உள்ளே இருந்த தீ அதைப் பொருட்படுத்தவே இல்லை. காற்றோடு சேர்ந்துகொண்டு வீட்டுப் பக்கம் நகர்ந்தது.

ஜன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது. நல்ல கையால் கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்து நிமிர்த்தி வைத்திருந்தார். முன்கதவு பூட்டு. பின்பக்கம் கதவே கிடையாது. அக்கா எங்கே வருகிறாளோ தெரியாது. பூட்டை உடைக்கலாமா? அதற்குள் தீ ஜன்னலுக்குள் போய்விடும்.

வழி ஒன்றுதான் இருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பட்டையை அறுத்து இடைவெளி விட வேண்டும். அருவாளையும் துணி எடுக்கிற நீளக் கொம்பையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். பட்டையின் ஓரத்தில் அவள் கால் தயங்கியது. அந்த நேரத்திலும் வக்கீல் ஞாபகம் வந்தது. இதைவிட அசிங்கம் தன் வாழ்க்கையில் நடந்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது. அடுத்த அடி உள்ளேதான் வைத்தாள்.

கொம்பைக் குவியலுக்குள் விட்டு இழுத்தாள். முள்ளும் முள்ளும் பின்னிக்கிடந்ததால் ஒரு பிடி இழுத்தால் ஒரு வண்டி அசைந்தது, வரவில்லை. அருவாளால் பிணைப்பை வெட்டினாள். கொம்பு ஒடிந்தது. கையாலேயே வாரினாள். வாரியதை அந்தப் பக்கம் வழித்துக் கிடந்த வெறும் மண்ணில் தூக்கி எறிந்தாள், திரும்பி இந்தப் பக்கம் எறிந்தாள். உள்ளங்கையில் முள் ஏறியது தெரிந்தது. பிடுங்க நேரம் இல்லை.

"போ... போ..." என்றார் மாமா. கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நீ... போ... புள்ள. நெருப்பு... வருது."

"சும்மா இருங்க மாமா!"

"என்னை... விடு."

"வாயை மூடிட்டு இருங்கன்னு சொல்றேன்ல!" என்று அழுதுகொண்டே கத்தினாள். அவரை அப்படி ஒரு நாளும் பேசியதில்லை.

குவியலை வாரி முடித்து, நின்ற புல்லை அடியோடு அறுக்க ஆரம்பித்தபோது முகத்தில் சூடு அடித்தது. பக்கவாட்டில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அடிப் பாவி! என்னடி பண்றே!"

அக்கா. பை கையிலேயே இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு நேராக வந்த பேச்சு அது.

"பூட்டைத் திற, அக்கா! மாமாவை முன்னாடி இழு! என்னைப் பார்க்காதே, போ!"

அக்கா பையைப் போட்டுவிட்டு ஓடினாள். பூட்டு திறந்ததும், கட்டில் தரையில் உரசியதும் கேட்டது. ஜன்னலிலிருந்து மாமாவின் முகம் மறைந்தது. போர்வையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதற்குள் ரோட்டில் போனவர்கள் சிலர் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வந்தார்கள். தீ அவள் வெட்டிய இடைவெளி வரைக்கும் வந்தது. அங்கே தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றது. ஜன்னல் கதவில் பெயிண்ட் மட்டும் கொப்பளித்துவிட்டது.

பட்டறைக்காரன் புது பிளேடு பொட்டலத்தோடு வந்து நின்றான். கருகிய தரையையும், வெட்டிக் கிடந்த இடத்தையும் பார்த்தான். "யாரு பட்டையில கை வச்சது?" என்று வந்தது அவன் வாயில். பழக்கதோஷம். கேட்டபிறகு அவனுக்கே உறைத்தது. தையல்காரி இரண்டு கையையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். அவன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டான்.

செய்தி போய் ஆபீஸ்காரரும் வந்துவிட்டார். நேராக அறுத்த குழாய்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"இது என்ன?"

"வீட்டு வேலைக்குங்க."

"எப்ப அறுத்தீங்க?"

"முன்னாடியே." அவன் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். "ரோட்டுல போறவன் எவனாவது பீடியைப் போட்டிருப்பான் சார்."

ஆபீஸ்காரர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பாதிப் பட்டை ஒரு புல்கூடக் கருகாமல் நின்றது. குழாய் கிடந்த இடத்திலிருந்து வீட்டுப் பக்கம்தான் கருப்பு. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். "உள்ளே ஒருத்தர் ஜன்னல்லயே இருந்தாரே, அவரைக் கேப்போம். நீங்களும் வாங்க" என்றார்.

அப்படித்தான் பட்டறைக்காரன் மூன்று வருஷம் கழித்து அண்ணன் வீட்டுப் படியேறினான். முன் அறையில் தரையில் போர்வை மேல் லாரிக்காரர் சாய்ந்திருந்தார். அக்கா அவர் தலைமாட்டில் நின்றாள். தையல்காரி சுவரோரம் நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டறைக்குப் பூட்டு விழும், கேஸும் அதோடு முடிந்தது, புருஷன் உள்ளே போனாலும் போவான். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லட்டும் என்றுகூடத் தையல்காரிக்கு ஒரு பக்கம் இருந்தது.

"ஐயா, தீ எங்கிருந்து வந்துச்சு? பார்த்தீங்களா?"

லாரிக்காரர் தம்பியைப் பார்த்தார். அவருக்கு எந்தப் பேச்சுக்கும் நேரம் ஆகும்.

"ரோட்டு... பக்கம்... இருந்து."

"என்னங்க நீங்க!" என்று அக்கா வெடித்தாள். அவர் நல்ல கையைத் தூக்கி அவளை அமர்த்தினார்.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரோட்டுப் பக்கம் எரியவே இல்லையே?"

"ரோட்டு... பக்கம்தான்" என்றார் மறுபடியும்.

ஆபீஸ்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "புகார் இல்லைன்னா நான் என்னத்தை எழுதறது? நாளைக்கு மெஷின் வந்து மிச்சத்தையும் வழிச்சிடும். நடுவுல எவனாவது கம்பம் நட்டான்னு தெரிஞ்சா, அப்புறம் நான் யாரையும் கேட்டுட்டு இருக்க மாட்டேன்" என்று பட்டறைக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டறைக்காரன் போவதா இருப்பதா என்று தெரியாமல் வாசற்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். லாரிக்காரர் அவனைக் கிட்டே வரும்படி கையைக் காட்டினார். அவன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பொறி... புல்லுல... விழுந்த உடனே... பார்த்துட்டேன். கூப்பிட்டேன்டா. எவ்வளவோ... கூப்பிட்டேன்." மூச்சு வாங்கினார். "மெஷின்... சத்தம். உனக்கு... கேக்கலை."

அவன் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆமாண்ணே என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அண்ணனே எடுத்துக் கொடுத்த சாக்கு. தையல்காரி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். சொன்னால் தன்னால் வாய் திறக்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கேட்டுச்சுண்ணே" என்றான் அவன். குனிந்த தலை நிமிரவில்லை. "மெஷினை நிறுத்தின பிறகும் கேட்டுச்சு. திட்டுறேன்னு நெனச்சுட்டுப் போயிட்டேன்."

தையல்காரி முள் தைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு மாமா" என்றாள்.